வருமானம் உயர்ந்தாலும் விலகாத ஆயுள் இடைவெளி
அந்தமான் தமிழர் கணக்கில் விடுபட்ட கேள்வி

புது தில்லி: வறுமை நீங்கினால் ஆயுள் நீளும் என்பது அரசின் திட்டங்களுக்கெல்லாம் அடிப்படையான நம்பிக்கை. அது பாதி உண்மைதான் என ஆய்வுகள் காட்டுகின்றன.

உத்தரப் பிரதேசம், பிகார் உள்ளிட்ட 9 மாநிலங்களில் 2 கோடிக்கும் அதிகமானோரின் விவரங்களை ஆராய்ந்த சங்கீதா வியாஸ், பாயல் ஹதி, ஆஷிஷ் குப்தா ஆகியோரின் ஆய்வு 2022-ல் வெளியானது. உயர் சாதி இந்துக்களைவிடப் பழங்குடியினரின் சராசரி ஆயுள் 4 ஆண்டுகளுக்கு மேலும், தலித்துகளின் ஆயுள் 3 ஆண்டுகளுக்கு மேலும், முஸ்லிம்களின் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டும் குறைவாக இருந்தது. அமெரிக்காவில் கறுப்பர், வெள்ளையரிடையே நிலவும் இடைவெளிக்கு இது நிகரானது. பொருளாதார நிலையைக் கொண்டு இதில் பாதியைக்கூட விளக்க முடியவில்லை.

அப்படியானால், மருத்துவமனைக்கான தூரம், அங்கு கிடைக்கும் சிகிச்சையின் தரம், நோயாளியை நடத்தும் விதம் ஆகியவையும் ஆராயப்பட வேண்டும். அதற்குச் சமூகவாரியான இறப்புக் கணக்கு தேவை. மாதிரிப் பதிவு முறையின் ஆயுள் அட்டவணைகளோ மாநிலம், ஆண், பெண், நகரம், கிராமம் என்ற அளவிலேயே வெளியாகின்றன.

அட்டவணையில் இல்லாதோர்

இக்குறை அந்தமானில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. பெரிய மாநிலங்களுக்கான அந்த அட்டவணையில் இத்தீவுகள் இடம்பெறுவதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. இவர்களில் சுமார் 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஆனால், இந்த ஒன்றியப் பிரதேசத்துக்குப் பட்டியல் சாதிகள் எவையும் அறிவிக்கப்படவில்லை. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதித் தகுதி, வேறிடத்தில் குடியேறியவருக்குத் தானாகத் தொடராது என 1990-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, ஸ்ரீ விஜயபுரத்தின் (2024 வரை போர்ட் பிளேர்) டெய்ரி ஃபார்ம் பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்று ஊரில் பட்டியல் சாதியாக இருந்தாலும், தீவின் கணக்கில் அந்த அடையாளம் இல்லை. அக்குடும்பத்தினரின் ஆயுள் மற்றவர்களைவிடக் குறைவா என்ற கேள்விக்கும் விடை இல்லை.

எண்ணுவதன் பயனை அறியத் தீவுகளின் வரலாறே போதும். 1858-ல் ஆங்கிலேயர் கைதிகள் குடியிருப்பை அமைத்த பிறகு, தட்டம்மை உள்ளிட்ட நோய்களால் கிரேட் அந்தமானியப் பழங்குடியினர் கூட்டம் கூட்டமாக இறந்தனர். 1901-ல் 625 ஆக இருந்த அவர்களது எண்ணிக்கை 1961-ல் 19 ஆகச் சுருங்கியது. கணக்கெடுப்பு இருந்ததால்தான் அந்தப் பேரழிவின் அளவு தெரிகிறது.

அவையின் முன் உள்ள பணி

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி விவரமும் சேர்க்கப்படும் என 2025 ஏப்ரல் 30-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. அதனால் உயிருடன் இருப்போரின் எண்ணிக்கை தெரியவரும். இறப்போரின் கணக்கும் சேர்ந்தால்தான் ஆயுளைக் கணிக்க முடியும். பிறப்பு, இறப்புப் பதிவுக்குத் தேசியத் தரவுத்தளம் அமைக்க வழிசெய்யும் திருத்தச் சட்டத்தை 2023-ல் நாடாளுமன்றமே நிறைவேற்றியது. இறந்தவரின் சமூகப் பிரிவை, தனிமனித ரகசியம் காத்து, அதில் பதிவு செய்ய வகைசெய்வதும் நாடாளுமன்றத்தின் கையில்தான் உள்ளது.