நிற்கக் கற்றுத்தரும் மாய உலகம்

மாணவர்களே, மேலே படிக்குமுன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். சுவருக்கு அருகில், நண்பர் ஒருவரைத் துணைக்கு நிறுத்திக்கொண்டு, ஒற்றைக் காலில் நில்லுங்கள். அரை நிமிடம் எளிதாக நின்றுவிடுவீர்கள். இப்போது கண்களை மூடிக்கொள்ளுங்கள். சிறிது நேரத்திற்குள் உடல் ஆடத் தொடங்கும். தூக்கிய கால் தானாகவே தரையைத் தேடும். கால் அதேதான், தரையும் அதேதான். பின் ஏன் இந்தத் தடுமாற்றம்?

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று வழிகளில் மூளைக்குச் செய்தி போய்க்கொண்டே இருக்கிறது. உட்செவியிலுள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதையும், இரு சிறு பைகள் தலை சாய்வதையும் தெரிவிக்கின்றன. பாதத்தின் தோலும், தசைகளும், மூட்டுகளும் உடலின் எடை எங்கே விழுகிறது என்று சொல்கின்றன. மூன்றாவது சாட்சி கண். மூளை இம்மூன்றையும் ஒப்பிட்டு, எந்தத் தசை எவ்வளவு இறுக வேண்டும் என்று கட்டளையிடுகிறது. நீங்கள் கண்ணை மூடியதும் ஒரு சாட்சி போய்விட்டது.

பக்கவாதம் வந்தவரின் நிலை இதைவிடக் கடினமானது. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும், அப்பகுதியின் நரம்பணுக்கள் இறக்கின்றன. பெரும்பாலும் உடலின் ஒரு பக்கம் வலுவிழக்கிறது. எழுந்து நிற்கும்போது எடையை நல்ல காலின் மேலேயே போடுகிறார். பாதம் அனுப்பும் செய்தி மங்கிப்போனால் கண்ணையே அளவுக்கு மீறி நம்புகிறார். இருட்டிலும் கூட்டத்திலும் தடுமாறுகிறார். விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். முறியாவிட்டாலும் அச்சம் பற்றிக்கொள்கிறது. அச்சத்தால் நடை குறைகிறது; நடை குறைந்தால் கால் மேலும் தளர்கிறது.

இறந்த நரம்பணுக்கள் உயிர் பெறுவதில்லை. ஆனால் எஞ்சியவை புதிய இணைப்புகளை உண்டாக்கி, இழந்த வேலையை ஓரளவு ஏற்றுக்கொள்கின்றன. அதற்கு ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டும். “எடையை இடக்காலுக்கு மாற்றுங்கள்” என்று நாள்தோறும் கேட்டால் யாருக்குத்தான் சலிக்காது? இங்கேதான் கணிப்பொறி உதவிக்கு வருகிறது.

நோயாளி ஒரு பலகையின் மேல் நிற்கிறார். அதன் நான்கு மூலைகளிலும் எடையை அளக்கும் உணர்கருவிகள் உள்ளன. 2007ஆம் ஆண்டு ஜப்பானில் விளையாட்டுப் பொருளாக வெளிவந்த இத்தகைய பலகை ஒன்று மருத்துவமனைகளுக்கும் சென்றது. எந்த மூலையில் எவ்வளவு எடை என்று கணக்கிட்டு, கணிப்பொறி திரையில் ஒரு பந்தை உருட்டுகிறது. இடப்புறம் சாய்ந்தால் பந்து இடப்புறம் உருளும். அதைக் குழியில் விழச்செய்ய வேண்டும். எண்ணம் பந்தின் மேல் இருக்க, தளர்ந்த கால் தன்னையறியாமல் எடை தாங்கப் பழகுகிறது.

அடுத்த படி, ஆங்கிலத்தில் ‘வர்ச்சுவல் ரியாலிட்டி’ எனப்படும் மெய்நிகர் உலகம். 1968இல் அமெரிக்காவின் ஐவன் சதர்லாந்து அமைத்த தலைக்கருவியைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. இன்றோ அது கண்ணாடிபோல் அணியும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. தலை திரும்பினால் காட்சியும் திரும்புவதால், அணிந்தவர் ஒரு தெருவிலேயே நிற்பதாக உணர்கிறார்.

பொய்க் காட்சி உண்மையான உடலை ஆட்டுமா? ஆட்டும். டேவிட் லீயும் ஆரன்சனும் 1974இல் வெளியிட்ட சோதனையைக் கேளுங்கள். தரை அசையாமலிருக்க, சுவர்கள் மட்டும் நகரும் அறை ஒன்றில், அப்போதுதான் நிற்கப் பழகிய குழந்தைகளை நிறுத்தினார்கள். சுவர் முன்னே வந்தபோது, தாம் முன்னே சாய்வதாக எண்ணி உடலைப் பின்னுக்கு இழுத்த குழந்தைகள் தள்ளாடின. சில விழுந்தே போயின!

இதே தந்திரத்தை இப்போது சிகிச்சையாக்குகிறார்கள். காட்சியைச் சிறிதே அசைத்துக் காட்டினால், கண் சொல்வதை மட்டும் நம்பாமல் பாதத்தையும் செவியையும் கேட்க மூளை பழகுகிறது. நோயாளி விழாதபடி இடுப்பில் வார் கட்டி, இயன்முறை மருத்துவர் அருகில் நிற்பார். கண்ணும் செவியும் முரண்படுவதால் சிலருக்குக் குமட்டல் வரும், உடனே நிறுத்திவிடுவார்கள்.

இது மந்திரமா? இல்லை. 2017இல் காக்ரேன் அமைப்பு 72 ஆய்வுகளையும், அவற்றில் பங்கேற்ற 2,470 பேரின் முடிவுகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வழக்கமான பயிற்சிக்குப் பதிலாக இதைத் தந்தபோது, உடற்சமநிலையில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் வழக்கமான பயிற்சியோடு கூடுதலாகத் தந்தபோது கையின் இயக்கத்தில் பயன் தெரிந்தது. பயிற்சி நேரம் கூடியதே இதற்குக் காரணமாகலாம். கருவி, பயிற்சியின் சலிப்பைக் குறைக்கிறது, உழைப்பு நோயாளியுடையதே.

சோதனையின்போது நண்பரைத் துணைக்கு நிறுத்தினீர்கள் அல்லவா? உங்கள் வீட்டில் பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், நடக்கும்போது தளர்ந்த பக்கத்தில், சற்றே பின்தள்ளி நீங்கள் துணை நில்லுங்கள். வழியிலுள்ள மிதியடியை எடுத்துவிடுங்கள். இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்; அவருடைய கால்களுக்கு இன்னும் அந்த மூன்றாவது சாட்சி தேவைப்படுகிறது.