படம் பார்க்கப் போனவர்கள்

திரைக்கு இந்தப் பக்கம் – 14

எடுத்தவர்கள் பேசியதைக் கேட்டது போதும், பார்த்தவர்கள் பேசட்டும் என்றுதான் இந்தத் தொடரை ஆரம்பித்தோம். இந்த வாரம் ஒரு சீட்டியொலியிலிருந்து தொடங்கலாம்.

கிழிந்த சட்டையும் பிய்ந்த பூட்ஸுமாகப் போர்க்கைதிகள் முகாமுக்குள் நடைபோட்டு வருகிறார்கள். வாயில் சீட்டி. ‘கர்னல் போகி’ என்ற அந்த மெட்டு 1914-ல் பிறந்தது. சிப்பாய்கள் அதற்குக் கட்டிய சொற்கள் சபையில் சொல்லத் தக்கவை அல்ல. சீட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. டேவிட் லீன் இயக்கி 1957-ல் வெளியான ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தைப் பார்த்துவிட்டு உலகமே அதைச் சீட்டியடித்தது. படத்துக்கு 7 ஆஸ்கர் கிடைத்தது.

கதை தெரிந்ததுதான். அதிகாரிகள் கூலிவேலை செய்ய மாட்டார்கள் என்று ஜப்பானியத் தளபதி சைத்தோவிடம் முரண்டு பிடித்து ஜெயிக்கிறார் கர்னல் நிக்கல்சன். ஜெயித்த கையோடு, எதிரியின் ரயில் பாதைக்கு உருப்படியான பாலம் ஒன்றைக் கட்டிக் கொடுப்பதில் இறங்கிவிடுகிறார். கடைசியில் அதைத் தகர்க்க வந்த தன் பக்கத்து ஆட்களையே தடுக்கப் பார்க்கிறார். நிக்கல்சனாக நடித்த அலெக் கின்னஸுக்கே கதை ஆங்கிலேயரை மட்டம் தட்டுகிறதோ என்ற சந்தேகம் இருந்தது. இயக்குநரோடு முட்டிக்கொண்டே நடித்தார். சிறந்த நடிகர் விருது அவருக்குத்தான்.

சாதாரண ரசிகர்கள் கைதட்டினார்கள். கைதட்டாதவர்கள், அந்த ரயில் பாதையில் நிஜமாகவே மண் சுமந்து திரும்பியவர்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கிய வேலையை 1943 அக்டோபரில் முடித்துவிட்டது ஜப்பானிய ராணுவம். வேலைக்கு இழுக்கப்பட்ட நேச நாட்டுக் கைதிகள் 60,000-க்கும் அதிகம். அவர்களில் 12,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. தப்பி வந்தவர்களுக்குப் படத்தின் முகாம் சொகுசாகத் தெரிந்தது. அதைவிட அவர்களைச் சுட்டது நிக்கல்சன் பாத்திரம்.

காரணம், தமர்க்கான் முகாமில் பாலம் கட்டிய கைதிகளுக்கு நிஜத்தில் மூத்த அதிகாரியாக இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூசி. தன் ஆட்களில் எத்தனை பேரை உயிரோடு வைத்திருக்க முடியும் என்பதே அவருடைய கணக்கு. மரப்பாலத்தில் கைதிகள் கறையானைக் கொண்டுவந்து விட்டார்கள். கான்கிரீட்டை வேண்டுமென்றே மோசமாகக் கலந்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு, “நீங்கள் வாய் திறந்து மறுக்க வேண்டும்” என்று பழைய தோழர்கள் டூசியை வற்புறுத்தினார்கள். அவர் தன்னைப் பற்றிப் பேசும் ஆள் இல்லை. வெகுகாலம் கழித்து ஒலிநாடாவில் சொல்லி வைத்தவையும் அவர் இறந்து பல வருஷங்களுக்குப் பிறகே புத்தகமாயின. இன்னொரு வேடிக்கை: அந்த முகாமில் சைத்தோ என்ற பெயரில் ஒருவர் உண்மையிலேயே இருந்தார். போருக்குப் பின் அவருக்காகப் பரிந்து பேசியவர் டூசி. டூசியின் கல்லறையைத் தேடி இங்கிலாந்துக்கு வந்து வணங்கிப் போனார் அந்தச் சைத்தோ.

ஜப்பானியப் பார்வையாளர்களுக்கு வேறு வருத்தம். படத்தில் ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் பாலம் கட்டத் தெரியவில்லை, வெள்ளைக்காரர் வந்து கற்றுத் தருகிறார். நிஜத்தில் பாதையை அளந்ததும் பாலத்தை வரைந்ததும் அவர்களேதான். கட்டியவை இரண்டு பாலங்கள், ஒன்று மரம், ஒன்று இரும்பு. இரும்புப் பாலத்தின் சட்டங்கள் ஜாவாவிலிருந்து வந்தன.

தாய்லாந்தின் பதில்தான் எல்லாவற்றையும்விடச் சாமர்த்தியம். படத்துக்கு மூலமான நாவலை எழுதிய பியர் பூல் அந்தப் பாலத்தைப் பார்த்ததில்லை. ரயில் பாதை குவாய் நொய் ஆற்றங்கரையோடு போகிறது என்று தெரியும்; பாலமும் அதன் மேல்தான் என்று எழுதிவிட்டார். நிஜப் பாலம் நின்றது மே குலோங் ஆற்றின் மேல். படமோ இலங்கையின் கித்துல்கலவில், களனி ஆற்றில் எடுக்கப்பட்டது. ஆனாலும் படம் பார்த்துவிட்டுக் காஞ்சனபுரிக்கு வந்து இறங்கிய பயணிகள், “குவாய் நதிப் பாலம் எங்கே?” என்று கேட்டார்கள். 1960-ல் அந்த ஆற்றுப் பகுதிக்கு ‘குவாய் யாய்’ என்று பெயர் மாற்றிவிட்டார்கள். படத்தில் தப்பென்றால் ஆற்றைத் திருத்திவிடலாம்!

ஆக, ஆங்கிலேயருக்குக் கோபம், ஜப்பானியருக்கு வருத்தம், தாய்லாந்துக்கு வருமானம். தமிழருக்கு?

அந்தப் பாதையில் கைதிகளைப் போலப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர். செத்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போன 70,000-க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். கைதிகளுக்குச் சொந்த அதிகாரிகளும் ராணுவ மருத்துவர்களும் இருந்தார்கள். இவர்களுக்கு எவருமில்லை. 1943-ல் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகளுக்கு இடம் உண்டு. இவர்கள் காட்டோடு போனார்கள்.

படத்தில் இவர்கள் இல்லை. இத்தனைக்கும் பியர் பூல் போருக்கு முன் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பொறியாளராக வேலை பார்த்தவர். அங்கே பால் வெட்டிய தமிழர்களைப் பார்க்காமல் அவர் ஒரு நாளும் கழித்திருக்க முடியாது. “எங்களைத் தப்பாகக் காட்டிவிட்டார்கள்” என்று சண்டை போடுவதற்குக்கூட ஒரு தகுதி வேண்டியிருக்கிறது; முதலில் படத்தில் இருக்க வேண்டும். டூசியின் ஆட்களுக்கு அது இருந்தது. தோட்டங்களில் ‘சயாமுக்குப் போனவர்’ என்று ஒரு சொல்லோடு நின்றுபோன குடும்பங்களுக்கு அதுவும் இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ என்று மலேசியத் தமிழ் நாவலாசிரியர்கள்தான் அந்த மௌனத்துக்குள் போய் எழுதினார்கள்.

முதலில் மூன்று மாத வேலை, நல்ல கூலி என்றுதான் ஆள் சேர்த்தார்கள். ஆட்கள் போதாதபோது லாரியில் அள்ளினார்கள். அந்தக் காலத்தின் நினைவுகளில் ஒரு செய்தி உண்டு. கொட்டகையில் இலவசப் படம் என்று அறிவிப்பார்களாம். சனம் நிறைந்ததும் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருக்கும் ஆண்களை ரயிலேற்றிவிடுவார்களாம்.

படம் எப்படி இருந்தது என்று அவர்களை யாரும் கேட்டதில்லை.

(தொடரும்)