மிதக்கும் காட்டின் மெலியும் தரை

அழிந்துவிட்டதாக நினைத்த மானை மணிப்பூரின் ஏரிக்கரைப் பூங்கா ஒன்று காப்பாற்றியது. இப்போது அந்த மானின் காலடியில் உள்ள தரையே கரைந்துகொண்டிருக்கிறது.

தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணப் புல்வெளிதான். ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்த நாணல், இடையிடையே படகு போகும் நீர்த்தடங்கள், மூன்று சிறு குன்றுகள். காலை வைத்தால்தான் விஷயம் புரியும். தரை மெத்தை போல அமுங்குகிறது. நாலடி நடந்தால் சுற்றியுள்ள புல்லும் சேர்ந்து ஆடுகிறது. காரணம், கீழே பூமி இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. மணிப்பூர் தலைநகர் இம்பாலுக்குத் தெற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில், லோக்டாக் ஏரியின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் கெய்புல் லாம்ஜாவோ, உலகின் ஒரே மிதக்கும் தேசியப் பூங்கா என்று பெயர் பெற்றது.

பரப்பளவு வெறும் 40 சதுர கி.மீ. நாட்டின் பெரிய புலிக் காடுகளுக்கு முன் இது ஒரு மூலை. ஆனால் உலகில் வேறு எங்கும் இயற்கைச் சூழலில் காண முடியாத ஒரு மான் இங்கே வாழ்கிறது. அதன் பெயர் சங்காய். மணிப்பூரின் மாநில விலங்கு.

இந்தப் பூங்காவின் தரைக்கு உள்ளூர்ப் பெயர் பும்டி. செத்த செடிகள், வேர்கள், மண், மக்கிய இலைதழை எல்லாம் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து உருவான மிதவை அது. சில இடங்களில் சில அங்குல கனம், சில இடங்களில் ஐந்தாறு அடி. ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே நீருக்கு மேலே தெரியும். மீதி நீருக்குள். அதன் மேல் புல், நாணல், காட்டு நெல் இனத்தைச் சேர்ந்த 'இஷிங் கம்போங்' என்ற செடி எல்லாம் தழைக்கின்றன. இந்தக் கம்போங் சங்காய்க்குப் பிடித்த தீனி. மணிப்பூர் மக்களும் அதன் இளந்தண்டை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். மானும் மனிதனும் ஒரே செடிக்குப் போட்டி போடுவது இங்கே அன்றாட நடப்பு.

ஆடும் தரையில் வாழ்வதற்குத் தோதான கால்கள் சங்காய்க்கு. குளம்புக்கு மேலே உள்ள மணிக்கட்டுப் பகுதியின் பின்புறத்தையும் தரையில் பதித்து நடப்பதால் அதன் எடை பரவுகிறது. அந்த நடையில் ஒரு துள்ளல் இருப்பதால் 'நடனமாடும் மான்' என்ற பட்டம். ஆண் மானின் கொம்பு இன்னொரு விசேஷம். நெற்றியிலிருந்து முன்னோக்கி வளையும் கிளையும், பின்னோக்கி எழும் தண்டும் ஒரே வில்லாக இணைந்திருக்கும். இதன் உறவினங்கள் மியான்மரிலும் கம்போடியாவிலும் உண்டு. ஆனால் அவை கெட்டித் தரையில் வாழ்பவை. சதுப்பு மிதவையைக் குடியிருப்பாகக் கொண்டது மணிப்பூர் இனம் மட்டுமே.

1951ல் இந்த மான் அடியோடு அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். வேட்டையும், மேய்ச்சல் நிலங்கள் வயல்களாக மாறியதும் காரணம். இரண்டு ஆண்டுகளில், 1953ல், இயற்கை ஆர்வலர் ஈ.பி. ஜீ லோக்டாக் சதுப்பில் ஒரு சிறு கூட்டம் மிஞ்சியிருப்பதை உலகுக்குச் சொன்னார். 1966ல் இந்த இடம் சரணாலயமானது. அப்படியும் நிலைமை தேறவில்லை. 1975ல் வனவிலங்கு அதிகாரி எம்.கே. ரஞ்சித்சிங் வானிலிருந்து எடுத்த கணக்கில் தேறியவை 14 மட்டுமே: ஐந்து கடா, ஆறு பெட்டை, மூன்று குட்டி. ஓர் இனத்தின் மொத்த எதிர்காலமும் ஒரு சின்னப் பட்டியில் அடங்கிவிடும் போலிருந்தது.

1977ல் கெய்புல் லாம்ஜாவோ தேசியப் பூங்கா ஆனது. துப்பாக்கிகள் அடங்கின. வனத்துறைக் காவலுக்குச் சுற்றுவட்டார கிராம இளைஞர் மன்றங்களும் கைகொடுத்தன. பலன் கிடைத்தது. 1995ல் 155, 2003ல் 180, 2013ல் 204, 2016ல் 260 என்று கணக்கு ஏறியது. ஆள் உயர நாணலுக்குள் ஒளிந்திருக்கும் மானை எண்ணுவது சுலபமல்ல. எண்ணிக்கை பற்றி வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. என்றாலும் 14லிருந்து மீண்டு வந்தது இந்திய வனவிலங்குப் பாதுகாப்பின் பெருமைக்குரிய அத்தியாயங்களில் ஒன்று என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. மான் பெருகிக்கொண்டிருந்த அதே காலத்தில் அதன் காலடித் தரை மெலிந்துகொண்டிருந்தது.

பும்டிக்கு ஒரு வருடாந்தரச் சுழற்சி உண்டு. மழைக்காலத்தில் ஏரி நிரம்பும்போது அது எழுந்து மிதக்கும். கோடையை ஒட்டிய வறண்ட மாதங்களில் நீர் வடியும்போது கீழே இறங்கி ஏரியின் அடி மண்ணைத் தொடும். அப்போது வேர்கள் சேற்றில் இறங்கிச் சத்தை உறிஞ்சிக்கொள்ளும். மறுபடி மழை வந்ததும், தின்று கொழுத்த தெம்போடு மேலே எழும். வருடத்துக்கு ஒருமுறை தரையைத் தொடுவதுதான் அதற்குச் சாப்பாட்டு வேளை.

1983ல் அந்தச் சாப்பாடு நின்றது. லோக்டாக் நீர்மின் திட்டத்துக்காக மணிப்பூர் ஆற்றின் குறுக்கே, ஏரிக்குக் கீழே, இதாய் என்ற இடத்தில் தடுப்பணை கட்டப்பட்டது. தேசிய நீர்மின் கழகத்தின் 105 மெகாவாட் நிலையத்துக்கு ஆண்டு முழுதும் தண்ணீர் வேண்டும். எனவே ஏரியின் மட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 768.5 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. ஏறி இறங்கி மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஏரி, நீர்த்தேக்கமாக மாறியது.

அதன் விளைவு பூங்காவில் தெரிகிறது. அடி மண்ணைத் தொட முடியாத பும்டி, அடியிலிருந்து அழுகிக் கழிகிறது. வளர்ந்த சங்காய் சுமார் 100 கிலோ எடை இருக்கும். அதைத் தாங்க மிதவை ஏறத்தாழ மூன்றடி கனமாவது இருக்க வேண்டும். மெலிந்த இடத்தில் கால் உள்ளே போய்விடும். எனவே 40 சதுர கி.மீ. என்பது வரைபடத்தில்தான். மான் உண்மையில் நடமாடக்கூடிய பரப்பு அதைவிடக் குறைவு. வெள்ளம் வரும்போது பாபோட், தோயா, சிங்ஜாவோ ஆகிய மூன்று குன்றுகளும்தான் விலங்குகளுக்குப் புகலிடம்.

இதில் ஒரு விசித்திர முரண்பாடு. பூங்காவுக்குள் பும்டி மெலிகிறது. பூங்காவுக்கு வெளியே, ஏரியின் மற்ற பகுதிகளில், வேண்டாத அளவுக்குப் பெருகிவிட்டது. முன்பெல்லாம் உபரி மிதவைகள் மழைவெள்ளத்தோடு ஆற்றில் போய்விடும். இப்போது அணை வழியை மறிக்கிறது. போதாததற்கு இம்பால் நகரின் சாக்கடையை நம்புல் ஆறு கொண்டுவந்து ஏரியில் கொட்டுகிறது. அது களைகளுக்கு உரம். 1990ல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட லோக்டாக், மூன்றே ஆண்டுகளில், 1993ல், ஆபத்திலுள்ள ஈரநிலங்களின் மாந்த்ரோ பட்டியலில் சேர்ந்தது.

அடிபட்டது மான் மட்டுமல்ல. மியான்மரின் சிந்த்வின் ஆற்றிலிருந்து மணிப்பூர் ஆறு வழியாக ஏறி வந்து லோக்டாக்கை நிறைத்த பெங்பா மீனுக்கு இதாய் அணை பெரிய சுவர். மாநில மீன் என்ற மரியாதை பெற்ற பெங்பா இன்று பெரும்பாலும் வளர்ப்புக் குளங்களில்தான் கிடைக்கிறது. ஏரியோர விவசாயிகளின் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் நிரந்தரமாக நீரில் மூழ்கியது. நிலம் இழந்தவர்களில் பலர் மீன்பிடிக்கத் திரும்பினார்கள். பும்டியின் மேலேயே குடிசை போட்டுக் குடியேறினார்கள். பும்டியை வட்டமாக வளைத்து மீன் வளர்க்கும் 'அதாபும்' முறையும் பரவியது. ஏரி கெடுவதற்கு இவர்களே காரணம் என்று சொல்லி, 2006ம் ஆண்டு லோக்டாக் பாதுகாப்புச் சட்டத்தின் பேரில் 2011 நவம்பரில் நூற்றுக்கணக்கான மிதக்கும் குடிசைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. அணையால் நிலத்தை இழந்தவர்களில் சிலர், ஏரியைக் கெடுத்தவர்கள் என்ற பழியையும் சுமக்க வேண்டி வந்தது.

தீர்வு என்ன? அணையையே அகற்ற வேண்டும் என்ற குரல் மக்கள் இயக்கங்களிடமிருந்து எழுகிறது. மாநில அரசு மட்டத்திலும் அந்தக் கோரிக்கை எட்டியிருக்கிறது. ஆனால் மின்சாரப் பஞ்சத்தில் பழகிய மாநிலத்தில் மின் நிலையத்தை மூடுவது எளிதான முடிவல்ல. பும்லென் பாட் போன்ற வேறு ஈரநிலத்தில் சங்காய்க்கு இரண்டாவது வீடு அமைக்கும் யோசனையும் இருக்கிறது. ஒரே இடத்தில் வாழும் இனத்தை ஒரு தொற்றுநோய் வாரிக்கொண்டு போய்விடலாம் என்பதால் அது நியாயமான யோசனைதான். கொல்கத்தாவின் அலிப்பூர் மிருகக்காட்சி சாலை உட்பட சில இடங்களில் கூண்டில் வளரும் சங்காய்கள் உள்ளன. ஆனால் கெட்டித் தரையில் வளரும் சங்காய்க்கு அந்த நடை எதற்கு?

நடுவழி ஒன்று உண்டு. வறண்ட மாதங்களில் சில வாரங்களாவது மதகைத் திறந்து, பூங்காப் பகுதியின் பும்டி அடி மண்ணைத் தொடும் அளவுக்கு நீர்மட்டத்தை இறக்குவது. அதனால் மின் உற்பத்தியில் ஏற்படும் நஷ்டத்தை யார் ஏற்பது என்பதில்தான் பேச்சு தடுமாறுகிறது. 2016ல் கெய்புல் லாம்ஜாவோ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தது. 2023 மே மாதம் வெடித்த இனக் கலவரத்துக்குப் பிறகு மணிப்பூரின் கவனமெல்லாம் வேறு பக்கம் போய்விட்டது. சங்காயின் பெயரில் ஆண்டுதோறும் நவம்பரில் நடந்த சுற்றுலா விழாவும் தடைபட்டது.

மணிப்பூரியில் 'சா' என்றால் விலங்கு, 'ங்காய்' என்றால் காத்திருத்தல். ஓடும்போது நின்று திரும்பிப் பார்க்கும் பழக்கத்தால் வந்த பெயர். வேட்டைக்காரனிடமிருந்து இந்த மானைக் காப்பாற்ற ஒரு சட்டமும் சில காவலர்களும் போதுமாக இருந்தது. தண்ணீரிடமிருந்து காப்பாற்ற, மதகின் சாவியை வைத்திருப்பவர்கள் மனம் வைக்க வேண்டும். அதற்குத்தான் சங்காய் இப்போது காத்திருக்கிறது.