மிளகு ஏறும் வேலி

மட்டாஞ்சேரி ஜூ டவுனுக்குப் போகிறவர்கள் 1568-இல் கட்டிய பரதேசி யூதக் கோயிலைப் பார்த்துவிட்டு, பழம்பொருள் கடைகளில் விலை கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தெருவுக்கு வாழ்வு கொடுத்தது மிளகு. கோயிலுக்கு 1760-இல் மணிக்கூண்டு எழுப்பிய எசெக்கியல் ரஹாபி, டச்சுக் கம்பெனிக்கு மிளகு வாங்கித் தந்த பெருவணிகர். 1957-இல் தொடங்கிய மிளகு வர்த்தகச் சங்கமும் இதே தெருவில் இருந்துதான் முன்பேர வணிகம் நடத்தியது.

மிளகு வாங்குபவர் முதலில் பார்ப்பது லிட்டர் எடையை. ஒரு லிட்டர் அளவையில் மிளகைக் கொட்டித் தலைதட்டி நிறுப்பார். 550 கிராம் நின்றால் நல்ல சரக்கு. 500-க்கு இறங்கினால் விலையும் இறங்கும். எடை குறையப் பல காரணங்கள் உண்டு. பிஞ்சிலேயே பறித்திருக்கலாம். பொல்லு வண்டு உள்ளே குடைந்து வெறும் கூடாக்கியிருக்கலாம். இந்த வண்டு நிழல் அடர்ந்த இடத்தில்தான் பெருகும். ஆக, தோட்டத்து வேலி மரத்தில் யாரோ வெட்டாமல் விட்ட கிளை, பல மாதம் கழித்துக் கொச்சித் தராசில் தெரிந்துவிடுகிறது.

மிளகு கொடிப்பயிர். கணுவுக்குக் கணு சிறு வேர் விட்டு மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு ஏறும். கேரளத்து வீட்டுத் தோப்புகளில் பலாவும் மாவும் கமுகும் அதைத் தாங்குகின்றன. எல்லையோரத்தில் உயிர்வேலியாக நட்ட முள்முருங்கையிலும் சீமைக்கொன்றையிலும்கூடக் கொடியை ஏற்றிவிடுவார்கள். முள்முருங்கையை நடுவது எளிது. பங்குனி, சித்திரையில் ஆள் உயரத்துக்கும் கூடுதலாகப் போத்து வெட்டி நிழலில் சாய்த்து வைத்தால், வைகாசியில் துளிர்க்கத் தொடங்கும். பருவமழை இறங்கியதும் நட்டுவிடலாம். காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிற சாதி வேறு.

அந்த மரத்துக்கு ஒரு குளவியால் கேடு வந்தது. எள்ளைவிடச் சிறிய இந்தக் குளவி, முள்முருங்கையின் இளந்தளிரிலும் காம்பிலும் முட்டையிட, அந்த இடமெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கி இலை சுருண்டு போகும். 2004-இல்தான் அறிவியலார் இதற்குப் பெயரே வைத்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கேரளத்திலும் வந்து இறங்கிவிட்டது. மரம் பட்டால் அதைப் பிடித்து ஏறிய கொடி எங்கே போகும்? அதன் பிறகு சீமைக்கொன்றைக்கும் சில்வர் ஓக்குக்கும் மாறியவர்கள் பலர். நம் கொல்லிமலையில் மிளகு ஏறுவது பெரும்பாலும் சில்வர் ஓக்கில்தான்.

எந்த மரமானாலும் கவாத்து செய்தே ஆக வேண்டும். மழைக்கு முன் ஒரு முறை, மழை தணியும்போது ஒரு முறை நிழலைக் குறைப்பது வழக்கம். ஈரமும் இருட்டும் சேர்ந்தால் வாடல் நோய்ப் பூசணத்துக்குக் கொண்டாட்டம். ஒரு மழைக்காலத்திலேயே கொடி கறுத்துச் சரிந்துவிடும். எவ்வளவு வெட்டுவது என்பது கொடியின் ரகத்தைப் பொறுத்தது. 1971-இல் வெளியான பன்னியூர்-1, உலகின் முதல் கலப்பின மிளகு. அடர் நிழலில் அது காய்க்காது, வெளிச்சம் கேட்கும். நாட்டு ரகமான கரிமுண்டா நிழலைத் தாங்கும். அதற்காக மரத்தை மொட்டையடித்துவிட்டால் கோடை வெயிலில் இரண்டுமே வாடும்.

இந்த வேலைக்கு இப்போது வீட்டு ஆள் கிடையாது. காண்ட்ராக்ட் பேசித்தான் விட வேண்டியிருக்கிறது. மரத்துக்கு இவ்வளவு என்று பேசினால் வேலை பறக்கும், கிளைகள் கண்மண் தெரியாமல் விழும். நாள் கூலிக்கு விட்டால் நிதானமாக வெட்டுவார்கள், கணக்குதான் நீளும். என்னைக் கேட்டால், கொடியுள்ள மரத்துக்கு நாள் கூலி, வெறும் வேலிக்கு மொத்தக் காண்ட்ராக்ட்.

ஆள் தேர்ந்தவரா என்பதை முதல் மரத்திலேயே கண்டுகொள்ளலாம். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்ததும் அதைக் கயிற்றால் மரத்தோடு கட்டுகிறாரா பாருங்கள். கனத்த கிளையை மேலிருந்து ஒரே போடாகப் போட்டால், முறியும் கிளை பட்டையை உரித்துக்கொண்டு கொடியின் மேலேயே விழும். தேர்ந்த கை, கிளையின் அடிப்புறத்தில் முதலில் ஒரு வெட்டு கொடுத்துவிட்டுத்தான் மேலிருந்து இறக்கும். வெட்டுவாய் சாய்வாக இருக்கும், மழைநீர் தேங்காது.

பெட்ரோல் பிரஷ் கட்டரை எதிர்ப்பவன் அல்ல நான். வேலியோரப் புதரை அது ஒரு காலையில் முடித்துவிடும். ஆனால் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும் அந்த நைலான் நரம்பு, கொடியின் தூரில் ஒருமுறை பட்டால் போதும், பட்டை வளையமாக உரிந்துவிடும். அந்தக் காயம் நோய்க்கு வாசல். கொடி காய்வதற்குச் சில வாரம் ஆகுமென்பதால் காரணமும் யாருக்கும் புரியாது. தூரைச் சுற்றி ஒரு முழத்துக்கு மிஷின் வரக்கூடாது, அங்கே கையரிவாள்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சுண்ணாம்பைக் கரைத்து மரத்தடியில் ஒரு கோடு இழுத்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

வெட்டிய தழை யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசுங்கள். சீமைக்கொன்றைத் தழை நல்ல பசுந்தாள் உரம். கொடியடியில் பரப்பினால் உரச்செலவில் கொஞ்சம் மிஞ்சும். ஆட்டுக்காரர்கள் முள்முருங்கைத் தழையைக் கேட்டு வந்து நிற்பார்கள். விறகை ஆட்களே எடுத்துக்கொள்ளட்டும், கூலியில் கழித்துக்கொள்ளலாம். மின்கம்பி போகும் பக்கமாக இருந்தால், இரும்பு ஏணியையும் அலுமினியத் துரட்டியையும் தோட்டத்துக்குள் விடவே விடாதீர்கள். அந்தக் கிளைகளை மின்வாரியத்துக்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே தொட வேண்டும்.

ஆளைச் சித்திரையிலேயே பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். வைகாசி பிறந்துவிட்டால் ஊரிலுள்ள அத்தனை தோட்டக்காரர்களும் அதே நாலு பேரைத்தான் தேடுவார்கள்.