எவர்சில்வருக்கு எதுக்குப் பூச்சு?

போன எபிசோடில் திட ஆக்சைடு எரிபொருள் மின்கலம் பற்றிப் பேசினோம். அதைக் கேட்ட ஒரு நேயரின் கேள்வி: "உள்ளே இருக்கிற தட்டு எவர்சில்வர்னு சொன்னீங்க. எவர்சில்வர்தான் துருப்பிடிக்காதே, அதுக்கு மேல எதுக்குப் பூச்சு?" நல்ல கேள்வி. இந்த மின்கலம் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதைத் தீர்மானிக்கிற விஷயங்களில் அந்தப் பூச்சும் ஒன்று.

முதல்ல தட்டோட வேலை. ஒரு செல் ஓடும்போது சுமார் 0.8 வோல்ட்தான் தரும். அதனால் செல்களை இட்லித் தட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கறாங்க. ரெண்டு செல்லுக்கு நடுவில் வர்ற தட்டுக்குப் பெயர் இன்டர்கனெக்ட். அதன் ஒரு பக்கம் எரிவாயு, மறுபக்கம் காற்று. ரெண்டும் கலக்கக் கூடாது. ஆனா மின்சாரம் மட்டும் அடுத்த செல்லுக்குப் போகணும். அதுவும் 600 முதல் 850 டிகிரி செல்சியஸ் சூட்டில்! முன்னாடி 1000 டிகிரியில் ஓடின காலத்தில் லாந்தனம் குரோமைட் என்ற செராமிக்கைப் போட்டாங்க. விலை அதிகம், வடிவம் கொடுப்பதும் கஷ்டம். சூடு குறைந்ததும் எஃகு வந்தது. சுமார் 22 சதவீதம் குரோமியம் உள்ள, காந்தம் ஒட்டுகிற ஃபெரிட்டிக் வகை எஃகு. சூட்டில் இது விரியும் அளவு செல்லோட விரிவுக்கு நெருக்கமா இருக்கும்.

இப்போ கேள்விக்கு வருவோம். எவர்சில்வர் துருப்பிடிக்காதுன்னு சொல்றது பாதி உண்மைதான். அதுக்கும் ஒரு 'துரு' உண்டு. குரோமியம் காற்றோடு சேர்ந்து மெல்லிய ஆக்சைடு படலமாகி உள்ளே இருக்கிற இரும்பைக் காக்குது. டம்ளரில் அது சில நானோமீட்டர்தான். 800 டிகிரியில் அந்தப் படலம் வளர்ந்துகொண்டே போகும். கனம் கூடக்கூட மின்தடையும் கூடும். ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.1 ஓம் தடை இருந்து, 0.5 ஆம்பியர் ஓடினால் 0.05 வோல்ட் நஷ்டம். கையில் இருப்பதே 0.8 வோல்ட் என்பதை மறந்துடாதீங்க. அப்போ அலுமினியம் கலந்த எஃகைப் போடலாமே? அதன் படலம் இன்னும் உறுதியானது. ஆனா மின்சாரத்தை விடாது.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கு. பீரோவில் போட்ட பாச்சை உருண்டை தானே கரைந்து காணாமல் போகுமில்லையா? குரோமியம் ஆக்சைடும், ஈரக் காற்று பட்டால், அந்தச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். பாச்சை உருண்டை அப்படியே ஆவியாகும். இது ஆக்சிஜனோடும் நீராவியோடும் வினைபுரிந்து வேறு சேர்மமாகிப் பறக்கும். பறந்தது பக்கத்திலிருக்கிற காற்று மின்வாயில் போய்ப் படியும். ஸ்ட்ரான்சியம் உள்ள மின்வாயாக இருந்தால் ஸ்ட்ரான்சியம் குரோமேட்டாகவே மாறிடும். ஆக்சிஜன் வினைபுரிய வேண்டிய இடங்கள் அடைபட்டு, மின்கலத்தின் திறன் இறங்கும். இதைத்தான் குரோமியம் நஞ்சாதல் என்கிறார்கள்.

அதனால் பூச்சு ரெண்டு வேலை செய்யணும்: குரோமியத்தை வெளியே விடாமல் மூடணும், மின்சாரத்தை உள்ளே தடுக்காமல் விடணும். மாங்கனீஸ்-கோபால்ட் ஸ்பினல் இதுக்கு நல்லாவே பொருந்துது. பொடியாகத் தெளித்து, சுட்டு, பல மைக்ரான் கனத்தில் பூசுவது ஒரு வழி. எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. ஸ்வீடனில் சாண்ட்விக் நிறுவனமும் சால்மர்ஸ் பல்கலைக்கழகமும் ஆராய்ந்தது. எஃகுச் சுருள் மேலேயே 10 நானோமீட்டர் சீரியம், அதன்மேல் சுமார் 600 நானோமீட்டர் கோபால்ட், வெறும் உலோகமாக. சூடு ஏறியதும் கோபால்ட் ஆக்சைடாகும். எஃகிலிருந்து மாங்கனீஸ் மேலேறி வந்து ஸ்பினல் தானே உருவாகும். சீரியம் குரோமியப் படலத்தின் வளர்ச்சியை மெதுவாக்கும். பூசின தகட்டை அப்புறம் அச்சில் அழுத்தினால் பூச்சு விரிசல் விடும்தான். ஆனா சூட்டில் அந்த விரிசல்கள் பெரும்பாலும் மூடிக்கொள்கின்றன. தனித்தனித் தட்டுகளாகப் பூசுவதைவிட இது ரொம்பச் சுலபம். கோபால்ட்டும் கொஞ்சம்தான் செலவாகும். உலகத்தின் கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோவிலிருந்து வருவதால், அது சின்ன விஷயம் இல்லை.

இவ்வளவு மெனக்கெடல் எதுக்குன்னா, இந்த மின்கலங்களிடம் பொதுவாக எதிர்பார்ப்பது 40,000 மணி நேரம், அதாவது நாலரை வருஷத்துக்கும் மேல். ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் 700 டிகிரியில் ஓடிய ஒரு சின்ன அடுக்கு, 2007இல் தொடங்கி 2019இல் 1,00,000 மணி நேரத்தைத் தாண்டியது.

பூச்சு வேலை செய்யுதான்னு பார்க்க, அத்தனை வருஷம் காத்திருக்க வேண்டாம். உலையில் ஈரக் காற்றில் தகட்டை வைத்து, காற்று வெளியேறும் கண்ணாடிக் குழாயின் உட்புறம் சோடியம் கார்பனேட் பூசி விடறாங்க. பறந்து வரும் குரோமியம் அதில் மாட்டிக்கொண்டு குரோமேட்டாகும். குழாயைத் தண்ணீரில் கழுவி, எவ்வளவு மஞ்சள் என்று அளந்தால் போதும். கோபால்ட் பூசின தகட்டில் அந்த மஞ்சள் சுமார் பத்தில் ஒரு பங்குதான்.