கோதுமை சேராத குழந்தைகள்

காலை உணவு மேற்பார்வைக்கு என் முறை வரும்போதெல்லாம் அந்த ஐந்தாம் வகுப்பு மாணவியோடு எனக்கு ஒரு சின்னப் போராட்டம் நடக்கும். வெண்பொங்கல் என்றால் தட்டைக் காலி செய்துவிடுவாள். ரவை உப்புமா, சேமியா, கோதுமை ரவை என்றால் விரலால் அளைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். “வயிறு உப்புசமா இருக்கு மிஸ்” என்பாள். நான் விடமாட்டேன். ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் இரண்டாம் வகுப்புக் குழந்தையின் உயரம், வெளிறிய கண்ணிமை, குச்சி போன்ற கைகால், அதற்குப் பொருந்தாமல் முன்தள்ளிய வயிறு. சரியாகச் சாப்பிடாததால்தான் இப்படி இருக்கிறாள் என்பது என் தீர்ப்பு. பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வாய் வரை சாப்பிட வைத்துவிட்டுத்தான் எழுவேன். அன்று முற்பகலில் இரண்டு மூன்று முறை கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பாள். பாடத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கிறாள் என்று அதற்கும் ஒரு தீர்ப்பு வைத்திருந்தேன்.

அவளுக்கு இருந்தது சீலியாக் நோய். அவளை வளர்க்க நான் ஊட்டிய உணவுதான் அவள் வளர்ச்சியைத் தடுத்துக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரிய ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டு வேறொரு பிள்ளைக்கு வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

குடலில் நடப்பது என்ன?

இதை வகுப்பறையிலேயே தொடங்கலாம். ஒரு கைப்பிடி கோதுமை மாவைப் பிசைந்து அரைமணி நேரம் வைத்திருந்து, பிறகு ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்து மெல்லக் கசக்கிக் கழுவச் சொல்லுங்கள். தண்ணீர் பால்போல வெளுக்கும். அதில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாகும், அது ஸ்டார்ச். தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால் கடைசியில் கையில் ரப்பர்போல இழுபடும் ஓர் உருண்டை மிஞ்சும். அதுதான் குளுட்டன் என்னும் பசைப்புரதம். பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் விரிவதற்கு இதுவே காரணம். அரிசி மாவில் இதே சோதனையைச் செய்தால் கையில் எதுவும் மிஞ்சாது. கோதுமையிலும், அதன் உறவுக்காரத் தானியங்களான பார்லி, ரை ஆகியவற்றிலும் உள்ள இந்த வகைப் புரதங்கள்தாம் சிக்கல். ரவை, மைதா, சேமியா, சம்பா கோதுமை எல்லாம் கோதுமையே என்பதை மாணவர்களில் பலர் இந்தச் சோதனைக்குப் பிறகுதான் நம்பினார்கள்.

சீலியாக் உள்ளவர்களின் உடல் இந்தப் புரதத்தின் துணுக்குகளைப் பகையாக எடுத்துக்கொள்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் கிளர்ந்தெழுந்து, தாக்குதலில் தன் சொந்தக் குடலையே சேதப்படுத்துகிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள்போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளைப் பாடத்தில் படமாக வரைந்து காட்டுகிறோம் அல்லவா, அவை தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. உறிஞ்சும் பரப்பு குறைந்தால் உள்ளே போகும் சத்து ரத்தத்தில் சேராது. இந்தச் சேதம் பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில்தான் அதிகம். இரும்புச்சத்து முக்கியமாக உறிஞ்சப்படுவதும் அங்கேதான். வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் அவளுடைய ரத்தசோகை தீராததற்கு இதுவே விடை. மாத்திரை உள்ளே போனது, வாங்கிக்கொள்ள இடமில்லை.

இது ஒவ்வாமை அல்ல. கோதுமை ஒவ்வாமை உள்ளவருக்குச் சாப்பிட்ட சற்று நேரத்தில் தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் வரலாம். சீலியாக் சேதம் சத்தமில்லாமல் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடக்கும். தொற்றுநோயும் அல்ல. இந்த வரியை எங்கள் வகுப்பில் நான் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

கண்டுபிடித்த கதை

1887இல் லண்டனில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் குழந்தைகளிடம் காணப்படும் இந்த நோயைத் தெளிவாக விவரித்து, இதற்குத் தீர்வு இருக்குமானால் அது உணவில்தான் இருக்கும் என்றார். எந்த உணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. 1924இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ், வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவைக் கொடுத்தார், குழந்தைகள் தேறினார்கள். வாழைப்பழத்தில்தான் மருந்து இருக்கிறது என்று அவர் நம்பினார். உண்மையில் குழந்தைகளைத் தேற்றியது அந்த உணவில் ரொட்டி இல்லாததுதான். சரியான விளைவுக்குத் தவறான காரணம் சொல்வது எப்படி என்பதற்கு அறிவியல் வகுப்பில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ 1930களிலேயே கோதுமை மேல் சந்தேகம் கொண்டிருந்தார். 1944–45 குளிர்காலத்தில், போரின் நடுவே, அந்நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே வாடியபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் மோசமாகவில்லை. ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்பியது. அவருடைய சந்தேகம் உறுதிப்பட்டது. 1950இல் இதையே முனைவர் பட்ட ஆய்வேடாக எழுதினார்.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

“இது வெள்ளைக்காரர்களின் நோய்” என்று நானும் நினைத்திருந்தேன். இந்தியாவில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் வயது வந்த 23,331 பேரைச் சோதித்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. தெற்கில் சோதிக்கப்பட்டவர்கள் வேலூர்ப் பகுதி மக்கள். சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள் வடக்கில் 100 பேரில் ஒருவருக்குச் சற்று அதிகமாக இருந்தது. தெற்கில் 1000 பேரில் ஒருவருக்குத்தான் இருந்தது. இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்களோ வடக்கில் 38 விழுக்காட்டினருக்கு, தெற்கில் 36 விழுக்காட்டினருக்கு. ஏறக்குறைய சமம். பெரிய வேறுபாடு தட்டில் இருந்தது: நாளொன்றுக்கு வடக்கில் சராசரி 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம்.

மரபணு இருந்தால் மட்டும் நோய் வந்துவிடாது; அப்படி உள்ளவர்களில் மிகச் சிலருக்கே வருகிறது. ஆனாலும் இந்த எண்களை நாம் கவனிக்க வேண்டியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நம் பிள்ளைகளின் தட்டில் இப்போது பிஸ்கட், நூடுல்ஸ், பரோட்டா, ரவை என்று கோதுமை கூடிக்கொண்டே போகிறது. அதைவிட உடனடியானது, வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் படிப்பது. எங்கள் பள்ளி நூற்பாலைகள் நிறைந்த பகுதியில் இருக்கிறது. நான் சொன்ன மாணவியின் குடும்பம் ராஜஸ்தானிலிருந்து வந்தது. வீட்டில் இரண்டு வேளையும் கோதுமை ரொட்டி.

இதைப் படித்துவிட்டு, மெலிந்த பிள்ளைகள் எல்லாருக்கும் சீலியாக் என்று எண்ணிவிட வேண்டாம். நம்மிடையே ரத்தசோகைக்குச் சத்துக்குறைவும் குடற்புழுவும்தான் பெரிய காரணங்கள். ஆனால் புழு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் தவறாமல் கொடுத்தும் மாற்றமே இல்லாத பிள்ளை ஒருத்தி இருந்தால், உயரப் பதிவேட்டில் அவள் கோடு ஆண்டுக்கு ஆண்டு நகராமல் நின்றால், அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். அடிக்கடி வயிற்றுப்போக்கு, உப்புசம், எளிதில் சோர்வு, எரிச்சல், ஆறாத வாய்ப்புண், பல் எனாமலில் குறை, பருவமடைவது தள்ளிப்போதல் ஆகியவை உடன் வரலாம். சிலருக்கு வயிற்றுத் தொல்லையே இருக்காது, மலச்சிக்கல்கூட இருக்கலாம். முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் கடும் அரிப்போடு நீர்க்கொப்புளங்கள் வரும் ஒரு தோல்நோயும் இதன் வடிவமே. முதல் வகை நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள், தைராய்டு சிக்கல் உள்ளவர்கள், டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகள் ஆகியோரிடம் சீலியாக் மற்றவர்களைவிட அதிகம். ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தாரையும் பெற்றோரையும் சோதிப்பது முறை. நாற்பது வயதில் ரத்தசோகையோ எலும்பு மெலிவோ காரணம் தெரியாமல் நீடிக்கும்போது கண்டுபிடிக்கப்படுபவர்களும் உண்டு. நம் ஆசிரியர் அறையிலும் அப்படி ஒருவர் இருக்கலாம்.

நான் செய்த இரண்டாவது தவறு

பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு அவளை மேல்பரிசோதனைக்குப் பரிந்துரைத்தது. அரசு மருத்துவமனையில் தேதி கிடைத்து, போகச் சில வாரங்கள் இருந்தன. அதற்குள் கைப்பேசியில் தேடிப் படித்த அரைகுறை அறிவோடு அவள் அம்மாவிடம், “இன்னைக்கே ரொட்டியை நிறுத்திடுங்க” என்று சொல்லிவிட்டேன். அவரும் நிறுத்தினார். பிள்ளையின் வயிறும் கொஞ்சம் இளகியது. மருத்துவர் இதைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

முதல் சோதனை ரத்தப் பரிசோதனை, டி.டி.ஜி. என்ற நொதிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால், எண்டோஸ்கோபி வழியாகச் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து துளித் திசு எடுத்து, குடலுறிஞ்சிகள் தேய்ந்திருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கோதுமையை நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறையும், குடல் ஆறத் தொடங்கும், சோதனை நோயில்லை என்று தவறாகக் காட்டிவிடக்கூடும். அதனால் அந்தப் பிள்ளை திரும்பவும் பல வாரங்கள் ரொட்டி சாப்பிட்டு, வயிற்றுவலியை அனுபவித்து, பிறகுதான் சோதனைக்குப் போனாள். சோதனை முடியும் வரை உணவை மாற்றச் சொல்லாதீர்கள். சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் அனுப்புவதோடு நம் வேலை முடிகிறது.

கோதுமை இல்லாத வாழ்க்கை

மருந்தோ ஊசியோ இந்த நோயைத் தீர்ப்பதில்லை. வாழ்நாள் முழுக்கக் குளுட்டன் இல்லாத உணவு, அவ்வளவுதான். “அவ்வளவுதான்” என்று எழுதுவது எளிது. ரொட்டி இல்லாமல் எப்படிச் சாப்பாடு என்று அவள் அப்பா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பதில் அவள் அம்மாவிடம் இருந்தது. அவருடைய ஊரில் பாட்டி காலத்தில் கம்பு ரொட்டிதான் அன்றாடச் சாப்பாடாம். அந்தக் கம்பு எங்கள் ஊர்ச் சந்தையிலேயே கிடைக்கிறது. கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, சாமை, மக்காச்சோளம் எதிலும் இந்தச் சிக்கல் இல்லை. இட்லி, தோசை, இடியாப்பம், பொங்கல் எல்லாம் இயல்பிலேயே பொருந்தும். இந்த வகையில் பஞ்சாபில் இருப்பதைவிடத் தமிழ்நாட்டில் சீலியாக்கோடு வாழ்வது எளிது.

ஆனாலும் எதிர்பாராத இடங்களில் கோதுமை ஒளிந்திருக்கும். கம்பு மாவு ரொட்டிக்கு மாறியும் அவளுக்கு முழுதாகச் சரியாகவில்லை. விசாரித்தால், மாவு மில்லில் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் கம்பை அரைத்திருக்கிறார்கள். இப்போது வீட்டு மிக்ஸியில் அரைக்கிறார்கள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். சாம்பாரும் ரசமும் இப்படித்தான் கெட்டுப்போகும். மெலிந்த பிள்ளை தேறட்டும் என்று பெற்றோர் கடன் வாங்கியாவது வாங்கித் தரும் மால்ட் பானங்களில் பார்லியும் கோதுமையும் உண்டு. வீட்டுச் சத்துமாவில் கோதுமை சேர்ப்பது வழக்கம். சப்பாத்தி போட்ட கல்லில் கழுவாமல் தோசை ஊற்றினாலும் சிக்கல்தான். நம் நாட்டு விதிப்படி, ‘குளுட்டன் இல்லாதது’ என்று விற்கும் பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவாகத்தான் குளுட்டன் இருக்கலாம். ஒரு துண்டு பிஸ்கட் அந்த அளவைத் தாண்டிவிடும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

பள்ளியில் கடினமானவை பிறந்தநாள் பிஸ்கட்டும் விழாநாள் கேசரியும்தான். “ஒண்ணே ஒண்ணு, ஒண்ணும் ஆகாது” என்று நீட்டுவது நம் அன்பின் மொழி. அவளுக்கு அது வேறு. எங்கள் வகுப்பில் இப்போது கடலைமிட்டாய்தான் வழக்கம். காலை உணவு சமைக்கும் அக்காவிடம் ஒருமுறை விளக்கினேன். அரிசி உப்புமா, பொங்கல் நாட்களில் பெருங்காயம் போடுவதற்கு முன் அவளுக்கென்று தனிக் கரண்டியால் எடுத்து வைத்துவிடுவார். ரவை, சேமியா நாட்களில் அவள் வீட்டிலிருந்து இட்லி கொண்டு வந்து எல்லோருடனும் வரிசையில் உட்கார்ந்தே சாப்பிட்டாள். தனியாக உட்கார வைக்கவில்லை. அதற்கு முன்பே, “ஒட்டிக்கும்” என்று சொல்லி இரண்டு பிள்ளைகள் தட்டைத் தள்ளி வைத்திருந்தார்கள். மாவு கழுவும் சோதனையை நான் வகுப்பில் முதன்முதலில் செய்தது அந்த வாரம்தான். ரப்பர் உருண்டையைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு நின்றது.

கோதுமையை விட்ட சில வாரங்களில் அவளுடைய வயிற்றுப்போக்கு நின்றது. ரத்த அளவு ஏற மாதங்கள் ஆயின. உயரம் அதன் பிறகுதான் அசைந்தது. இப்போது ஏழாம் வகுப்பில் வரிசையின் முதல் ஆளாக இல்லாமல் நான்காவதாக நிற்கிறாள். போன மாதம் அறிவியல் கண்காட்சிக்கு வெளியூர் போனபோது மதிய உணவில் சாம்பார் சாதம் வந்தது. பொட்டலத்தைப் பிரிக்காமல் நேராகச் சமையற்காரரிடம் போய், “அண்ணா, என்ன பெருங்காயம் போட்டீங்க? டப்பாவைக் காட்டுங்க” என்று கேட்டாள். அவர் உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்தார். அதில் கோதுமை மாவு என்று அச்சிட்டிருந்தது. அவள் தயிர்சாதம் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.