சாய்விலிருந்து சராசரிக்கு

மருத்துவரின் கிளினிக், சினிமாவின் கிளைமாக்ஸ், நாளிதழில் அன்றாடம் அடிபடும் கிளைமேட் மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கிரேக்க மொழியில் 'கிளினெய்ன்' என்றால் சாய்தல். நோயாளி சாய்ந்து கிடக்கும் கட்டில் 'கிளினே'. அதிலிருந்து கிளினிக் வந்தது. சுவரில் சாய்த்து வைக்கும் ஏணி 'கிளிமாக்ஸ்'. படிப்படியாக ஏறி உச்சிக்குப் போகும் கதைக்கு அந்தப் பெயர் பொருந்திக்கொண்டது. 'கிளிமா' என்றால் சரிவு, சாய்மானம். மழைக்கும் வெயிலுக்கும் காற்றுக்கும் இந்தச் சொல்லோடு தொடக்கத்தில் நேரடி உறவு இல்லை. அது கணிதக்காரர்களின் சொல்.

சாய்ந்திருந்தது வானம். கன்னியாகுமரியில் துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேலே சுமார் எட்டு டிகிரிதான். ஒரு தென்னந்தோப்பு போதும், அதை மறைத்துவிட. ஸ்ரீநகரில் அதே விண்மீன் 34 டிகிரி உயரத்தில் நிற்கும். வடக்கே போகப் போக வானத்தின் அச்சு நிமிர்ந்துகொண்டே போகிறது, நண்பகல் சூரியன் தெற்கே சரிந்துகொண்டே போகிறது. ஓர் ஊரின் அட்சரேகையும் அங்கே தெரியும் துருவத்தின் உயரமும் ஒரே எண். இதை அளக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். செங்குத்தாக ஒரு குச்சியை நட்டு, நண்பகலில் அதன் நிழலைப் பார்த்தால் போதும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனீஸ் எகிப்தின் சியேன், அலெக்சாந்திரியா ஆகிய இரண்டு ஊர்களின் நண்பகல் நிழலை ஒப்பிட்டு, அவற்றுக்கிடையே வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு சாய்வு இருப்பதைக் கண்டார். பூமியின் சுற்றளவைக் கணக்கிட அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நிழலைவிட எளிதான அளவுகோல் ஒன்றும் கிடைத்தது: ஆண்டின் மிக நீண்ட பகல். ஒரே சாய்வில் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் அது ஒரே நீளம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி இதை வைத்து உலகத்தை வரிவரியாகப் பிரித்தார். இன்றைய சூடானில் உள்ள மெரோவேயில் 13 மணி நேரப் பகல், சியேனில் 13½, அலெக்சாந்திரியாவில் 14, ரோட்ஸ் தீவில் 14½ என்று ஏறிக்கொண்டே போய், கருங்கடலுக்கு வடக்கே தினீப்பர் ஆற்றின் முகத்துவாரத்தில் 16 மணியில் முடியும். புகழ்பெற்ற ஏழு கிளிமாக்கள் இவைதாம். சென்னையின் மிக நீண்ட பகல், கணக்குப்படி, 12¾ மணியை ஒட்டி வரும். ஆகவே தமிழகம் முழுவதும் முதல் கிளிமாவான மெரோவேக்கும் தெற்கே விழுகிறது. அந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் நாம் கிளைமேட்டே இல்லாத மக்கள்.

அரபு அறிஞர்கள் இந்த ஏழையும் 'இக்லீம்' என்ற பெயரில் எடுத்துக்கொண்டார்கள். சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அல் இத்ரீசி 1154இல் முடித்த உலகப் படம், ஏழு இக்லீம்களையும் பத்துப் பத்தாக வெட்டி 70 தாள்களில் அமைந்தது. காலப்போக்கில் அரபியில் இக்லீம் என்பது வெறுமனே ஒரு வட்டாரம், ஒரு மாகாணம் என்றாகிவிட்டது. ஐரோப்பாவில் அதே சொல் வேறு வழியில் நடந்தது. ஒரே சாய்வு என்றால் ஒரே வெயில், ஒரே வெயில் என்றால் ஒரே சூடு என்று எண்ணுவது இயல்புதானே? கோணத்தைக் குறித்த சொல் மெல்ல மெல்லச் சூட்டையும் குளிரையும் குறிக்கலாயிற்று. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதி மனிதர் வாழ முடியாத தீக்காடு என்று அரிஸ்டாட்டில் எழுதியதை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பலர் நம்பியதற்கும் இந்தத் தர்க்கமே காரணம். 15ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியக் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையோடு நிலநடுக்கோட்டைத் தாண்டிப் போனபோது, அங்கே மக்கள் தம் பாட்டுக்குக் குடியும் குடித்தனமுமாக இருந்தார்கள்.

தர்க்கம் அத்தோடு செத்துவிடவில்லை. மனிதர்களின் குணத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் மோன்டெஸ்க்யூ 1748இல் வெளியிட்ட சட்டங்கள் பற்றிய பெருநூலில், குளிர்நாட்டார் ஊக்கமுள்ளவர்கள், வெப்பநாட்டார் சோம்பியவர்கள் என்று வாதாடினார். ஆதாரம்? ஓர் ஆட்டு நாக்கு. அதைப் பாதி உறைய வைத்து நுண்ணோக்கியில் பார்த்தாராம். குளிரில் நாக்கின் நுண்முனைகள் சுருங்கிப் போயினவாம். ஆகவே குளிர்நாட்டு உடலின் நார்கள் உறுதியானவை, வெப்பநாட்டு உடலின் நார்கள் தளர்ந்தவை! ஓர் ஆட்டு நாக்கிலிருந்து ஆசியா முழுவதையும் அளந்துவிட்ட இந்தத் துணிச்சலைப் படித்துவிட்டுச் சிரித்து நகரலாம். ஆனால் இப்படிப்பட்ட வாதங்கள்தாம் பின்னாளில் காலனி ஆட்சிக்கு அறிவியல் முலாம் பூசின.

சொல்லைப் பழைய கோணத்திலிருந்து பிரித்தெடுத்தவர் அலெக்சாண்டர் ஃபொன் ஹும்போல்ட். 1802இல் எக்வடோரின் சிம்போராசோ மலையில் ஏறியவர் அவர். நிலநடுக்கோட்டுக்கு அருகிலேயே, அடிவாரத்தில் வெப்பமண்டலக் காடும் மேலே புல்லும் அதற்கும் மேலே பனியும் அடுக்கடுக்காக இருப்பதை நடந்தே பார்த்தார். அட்சரேகை ஒன்று, காலநிலைகள் பல. 1817இல் அவர் செய்தது, பார்க்க மிக எளிய வேலை: வடகோளத்தில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஒன்றாக உள்ள ஊர்களைக் கோடுகளால் இணைத்தார். ஒரே சாய்வு, ஒரே சூடு என்ற பழைய தர்க்கம் சரியென்றால் அந்தச் சமவெப்பக் கோடுகள் அட்சரேகைகளுக்கு இணையாக ஓடியிருக்க வேண்டும். அவை ஐரோப்பாவில் வடக்கே எழும்பின, கனடாவின் கிழக்குக் கரையில் தெற்கே இறங்கின. லாப்ரடாரும் ஸ்காட்லாந்தும் ஒரே அட்சரேகையில்தான் இருக்கின்றன. லாப்ரடார் கரையில் கடல் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும். ஸ்காட்லாந்தின் துறைமுகங்கள் குளிர்காலத்திலும் இயங்கும். ஒரு கரைக்குக் கடல்மேல் வரும் காற்று, மற்றதற்கு உறைந்த நிலத்தின்மேல் வரும் காற்று.

ஹும்போல்ட் இந்தியாவுக்கும் வர விரும்பினார். இமயத்தை அளக்க அனுமதி கேட்டும் கிழக்கிந்தியக் கம்பெனி இடம் கொடுக்கவில்லை. வந்து மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்திருந்தால் தன் கருத்துக்கு நல்ல சாட்சி கிடைத்திருக்கும். தேனியும் மூணாறும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. நேர்கோட்டில் 50 கிலோமீட்டர்கூட இல்லை. ஜூன், ஜூலையில் மூணாறு வாரக்கணக்கில் மழையில் நனையும். மழையை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வரும் காற்று தேனிக்குத் தூறலைத் தந்தால் பெரிது. சூரியன் இரண்டு ஊருக்கும் ஒரே கோணத்தில்தான் அடிக்கிறது.

1845இல் வெளிவரத் தொடங்கிய 'காஸ்மோஸ்' நூலில், நம் உறுப்புகள் உணரக்கூடிய காற்று மண்டல மாற்றங்கள் அனைத்தையும், வெப்பம், ஈரம், அழுத்தம், காற்று, வானத்தின் தெளிவு என எல்லாவற்றையும், ஹும்போல்ட் இந்த ஒரே சொல்லுக்குள் அடக்கினார். அந்த விளக்கத்தின் நடுவே மனித உடல் இருந்தது. 1883இல் ஆஸ்திரிய அறிஞர் யூலியுஸ் ஹான் தன் கையேட்டில் உடலை வெளியேற்றிவிட்டுச் சராசரியை உள்ளே கொண்டுவந்தார்: ஓரிடத்துக் காற்று மண்டலத்தின் சராசரி நிலையே காலநிலை. இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் வானிலை, காலநிலை வேறுபாட்டின் வேர் இங்கே இருக்கிறது. நாளை மழை வருமா என்பது வானிலை; ஐப்பசியில் மழையை எதிர்பார்க்கலாமா என்பது காலநிலை. தமிழில் ஒரு காலத்தில் சீதோஷ்ண நிலை என்றும் பிறகு தட்பவெப்பநிலை என்றும் எழுதினோம். இரண்டும் குளிர், சூடு என்ற இரண்டை மட்டுமே சொல்கின்றன. மழைக்கு அவற்றில் இடமில்லை. பருவமழையை நம்பிய நாட்டுக்குக் காலநிலை என்பதே பொருத்தம் என்பது என் கட்சி.

ஹானின் சமகாலத்தவர் விளாடிமிர் கெப்பன் சராசரிகளோடு நிற்கவில்லை. ரஷ்யாவில் பிறந்தவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் கிரிமியாவுக்கும் இடையே பயணம் செய்த இளம் வயதிலேயே, வழிநெடுகச் செடிகொடிகள் மாறுவதைக் கவனித்தவர். ஓரிடத்தின் காலநிலையை அங்கே முளைக்கும் தாவரத்தைவிட நம்பகமாகச் சொல்லும் கருவி உண்டா என்பது அவர் எண்ணம். 1884இல் தொடங்கி, 1900இல் விரிவாக்கி, வாழ்நாளெல்லாம் திருத்திய அவருடைய எழுத்துக்குறி முறைதான் இன்றும் உலக வரைபடங்களில் இருக்கிறது. ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்திலும் சராசரி 18 டிகிரி செல்சியஸுக்குக் குறையாவிட்டால் அது வெப்பமண்டலம், 'ஏ'. வெப்பமண்டலத்தில் பெரும்பாலும் கோடையில் மழை, குளிர்காலத்தில் வறட்சி. தமிழகக் கிழக்குக் கரை இதைத் தலைகீழாக்குகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் வருகிறது; கோடை காய்ந்து கிடக்கிறது. எனவே இந்தக் கரைக்கு 'ஏஎஸ்' என்ற அரிதான குறி. உலகில் வெகு சில இடங்களுக்கே அது உண்டு.

கெப்பனின் வாழ்க்கையில் பழைய சாய்வு எதிர்பாராத வழியில் திரும்பவும் வந்தது. அவருடைய மருமகன் கண்டப்பெயர்ச்சியைச் சொன்ன ஆல்ஃபிரட் வேகனர். இருவரும் சேர்ந்து 1924இல் பண்டைய காலநிலைகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் செர்பியக் கணிதவியலாளர் மிலுதின் மிலங்கோவிச் போட்ட வளைகோடுகள் இடம்பெற்றன. பூமியின் அச்சுச் சாய்வு நிலையானதன்று. சுமார் 41,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை 22.1 டிகிரிக்கும் 24.5 டிகிரிக்கும் இடையே ஆடித் திரும்புகிறது. இப்போது 23.4 டிகிரி, குறைந்துகொண்டு வருகிறது. சுற்றுப்பாதையின் மாற்றங்களும் இதனோடு சேர்ந்து பனியுகங்களின் வருகையையும் போக்கையும் நடத்துகின்றன என்பது மிலங்கோவிச்சின் வாதம். கடுங்குளிர் காலத்தைவிட, பனி உருகாத குளிர்ந்த கோடையே பனியுகத்தைத் தொடங்கும் என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர் கெப்பன். கடலடிப் படிவுகளில் அந்தத் தாளங்கள் 1976இல் கண்டுபிடிக்கப்பட்டபோது இருவருமே உயிரோடு இல்லை.

சராசரி என்று சொல்லிவிட்டால் போதுமா? எத்தனை ஆண்டுச் சராசரி? 1935இல் வார்சாவில் கூடிய சர்வதேச வானிலை அமைப்பு, 1901 முதல் 1930 வரையிலான 30 ஆண்டுகளை உலகப் பொது அளவாக வைத்தது. 30 என்பதில் இயற்கையின் ரகசியம் ஏதும் இல்லை. ஓரிரு முரட்டு ஆண்டுகள் கணக்கைக் கெடுத்துவிடாத அளவுக்கு நீளம், பல நாடுகளிடம் பதிவேடு இருக்கும் அளவுக்குக் குறுக்கம், ஒரு சமரசம். பதிவேடுகளில் காலநிலை தேங்கி நிற்கும் என்ற நம்பிக்கை அன்று இருந்தது, அதனால் 30 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும் என்று விட்டார்கள். 2015இல் உலக வானிலை அமைப்பு அதை மாற்றிப் பத்தாண்டுக்கு ஒரு முறை என்றாக்கியது. இப்போது நடப்பில் உள்ளது 1991–2020. ஆனால் வெப்பம் எவ்வளவு ஏறியது என்று அளக்க நகராத ஒரு கல் வேண்டுமே. அதற்காக 1961–1990 கணக்கையும் தனியாக வைத்திருக்கிறார்கள். பாரிஸ் ஒப்பந்தத்தில் பேசப்படும் 1.5 டிகிரியை 1850–1900ஐ வைத்து அளக்கிறார்கள். ஓர் ஆண்டு 'இயல்பைவிட' எவ்வளவு சூடு என்று செய்தி வந்தால், எந்த இயல்பு என்று கேட்கலாம்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை தென்மேற்குப் பருவமழைக்கு 50 ஆண்டுச் சராசரி வைத்திருக்கிறது. 1961–2010க்கு அது 88 செ.மீ.; 2022இல் 1971–2020க்கு மாறியபோது 87 செ.மீ. ஆயிற்று. அந்த எண்ணில் 96 முதல் 104 சதவீதம் வரை பெய்தால் இயல்பான மழை. கோடு ஒரு சென்டிமீட்டர் இறங்கியதால், பழைய கணக்கில் குறைவு எனப்பட்டிருக்கக்கூடிய ஓர் ஆண்டு புதிய கணக்கில் இயல்பாகிவிடலாம்.

2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது, தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியைவிட அதிகம். ஒரு நாள் மழை காலநிலை ஆகாது என்பது சரிதான். ஆனால் 30 ஆண்டுச் சராசரியில் அந்த ஒரு நாள் மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 3 செ.மீ. கூட்டும். 2001–2030, 2011–2040, 2021–2050 என அடுத்த மூன்று கணக்குகளிலும் அது இருக்கும். 2031–2060க்கான கணக்கு வரும்போதுதான் விழும்.